குற்றத்தை ஒத்துக்கொள்கிறீர்களா?

சிவப்பு விளக்கைத் தாண்டியதாகச் சலான் வந்தால் புத்தியுள்ளவன் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பணத்தைக் கட்டிவிட்டு வேலையைப் பார்ப்பது. நீங்கள் உண்மையிலேயே தாண்டினீர்களா என்ற கேள்வி இதில் வராது. வீட்டில் கேளுங்கள், ஆபீஸில் கேளுங்கள், ஒன்றுவிட்ட மச்சான் வக்கீலாக இருந்தால் அவரிடமும் கேளுங்கள். “ஐந்நூறோ ஆயிரமோ, கட்டித் தொலைச்சிட்டுப் போ” என்பதுதான் பதில். சாதி, மதம், கட்சி எல்லாம் கடந்து நாம் ஒருமனதாக நம்பும் விஷயங்கள் அதிகம் கிடையாது. நியாயம் கேட்டுப் போனால் கூடுதலாகச் செலவாகும் என்பது அவற்றில் ஒன்று.

அதையும் மீறி, “நான் தாண்டவே இல்லை, கோர்ட்டுக்குப் போகிறேன்” என்று ஒருவர் சொல்லிவிட்டால், சுற்றியிருப்பவர்கள் அவரைப் பார்க்கும் பார்வையே மாறிவிடுகிறது. லஞ்சம் வாங்கிக் கையும் களவுமாகப் பிடிபட்டவனைக்கூட நம் ஊர் அவ்வளவு விசித்திரமாகப் பார்ப்பதில்லை. “உங்களுக்கு வேற வேலை இல்லையா?” என்று மனைவி கேட்பார். “பணம் கொட்டிக் கிடக்குதாடா?” என்று அண்ணன் கேட்பார். “போலீஸ்காரங்ககிட்ட எதுக்குப்பா வம்பு?” என்று அம்மா கேட்பார். மூன்றும் நியாயமான கேள்விகள். விளக்கு எந்த நிறத்தில் இருந்தது என்று மட்டும் ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

குற்றம் சின்னதா என்றால், இல்லை. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு, ஆபத்தாக வண்டி ஓட்டுவது என்றால் எது எது என்று பட்டியல் போடுகிறது. பட்டியலில் முதலில் நிற்பதே சிவப்பு விளக்கைத் தாண்டுவதுதான். முதல் முறைக்கே ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இதில் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை. 2022இல் தமிழ்நாட்டுச் சாலைகளில் 64,105 விபத்துகள் நடந்தன. விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். செத்தவர்கள் 17,884 பேர், அதாவது ஒரு நாளைக்கு 49 பேர். சிவப்பில் பாய்கிறவனுக்கு மாலை போடுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஒருவனை ஜெயிலுக்கு அனுப்பக்கூடிய குற்றத்தை அவன் தலையில் கட்டும்போது, அதற்கேற்ற ஆதாரமும் வேண்டுமா, வேண்டாமா?

வேண்டும் என்றுதான் விதியும் சொன்னது. 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ என்று ஒன்றைச் சேர்த்தார்கள். படித்தால் கண்ணில் நீர் வரும், அவ்வளவு அழகு. கேமராவுக்கு ஒப்புதல் சான்றிதழ் வேண்டும். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். இங்கே கேமரா இருக்கிறது என்று கண்ணில் படும்படி எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். சலானோடு நம்பர் பிளேட் தெரியும் புகைப்படம், தேதி, நேரம், இடம், மீறிய சட்டப் பிரிவு எல்லாம் இருக்க வேண்டும். மின்னணுப் பதிவு உண்மையானது என்று 2024 ஜூன் வரை அமலில் இருந்த சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவின்படி சான்றிதழும் வேண்டும் என்றார்கள். அந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் மின்னணுச் சாட்சியம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2020இல் அடித்துச் சொல்லியிருக்கிறது. ஆனால் அது ஒரு எம்.எல்.ஏ.வின் தேர்தல் வழக்கு. எம்.எல்.ஏ. நாற்காலிக்கு வேண்டிய சான்றிதழை ஸ்கூட்டர் சீட்டுக்கும் கேட்கலாமா? கேட்டுப் பாருங்கள். “சான்றிதழா? எந்தச் சான்றிதழ்? ஆர்.சி. புக் இருக்கா?” என்று திருப்பிக் கேட்பார்கள்.

சலானோடு வரும் படத்தை ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள். நம்பர் பிளேட்டைச் சுற்றி ஒரு சதுரம். ஓட்டுகிறவரின் முதுகு. முதுகில் சாப்பாட்டுப் பை. பக்கத்தில் ஒரு பேருந்தின் பின்புறம், அதில் ஒரு நகைக்கடை விளம்பரம், விளம்பரத்தில் ஒரு நடிகையின் பாதிச் சிரிப்பு. மூலையில் தேதி, மணி, நொடி. எல்லாம் இருக்கிறது. விளக்கு மட்டும் இல்லை. சிவப்பைத் தாண்டியதற்கான ஆதாரத்தில் சிவப்பைத் தேடினால் அது நடிகையின் உதட்டில்தான் இருக்கிறது.

சரி, விளக்கு படத்துக்கு வெளியே இருக்கலாம். ஸ்டாப் லைன் எங்கே? வண்டி எந்தக் கோட்டைத் தாண்டியது என்று காட்டினால்தானே தாண்டியதாக ஆகும்? அந்தக் கோட்டை அடித்தது எப்போதோ. அடித்த பெயின்ட் அந்த ஆண்டு மழையோடு போயிற்று. மிச்சமிருந்ததை மெட்ரோ வேலைக்குத் தோண்டினார்கள், பிறகு கேபிளுக்குத் தோண்டினார்கள், பிறகு மழைநீர் வடிகாலுக்குத் தோண்டினார்கள். கடைசியாகத் தோண்டியவர் யார் என்பதில் இலாகாக்களுக்குள் இன்னும் கருத்து வேறுபாடு. இல்லாத கோட்டைத் தாண்டிய குற்றத்துக்குச் சலான் வருகிறது. யாராவது பெரிய மனிதர் வருகிற அன்றைக்கு முதல் நாள் ராத்திரி மட்டும் அந்தக் கோடு பளிச்சென்று பிறந்துவிடும். ஆனால் அன்று அந்தக் கோட்டில் நிற்பவர்கள் நாம். தாண்டிப் போகிறவர் அவர்.

சந்திப்பில் நிற்கும் காவலரைச் சொல்லாமல் விட்டால் பாவம். சிக்னல் ஒரு பக்கம் வேலை செய்துகொண்டிருக்கும். நெரிசல் கூடிவிட்டால் அவர் இறங்கிக் கையைக் காட்டுவார். விசில் ஊதுவார். “போ, போ, போய்க்கிட்டே இரு!” என்று முதுகில் தட்டாத குறையாக விரட்டுவார். விளக்கு சிவப்பு. சட்டத்தின் 119ஆம் பிரிவு, சாலைக் குறியீட்டுக்கும் கட்டுப்பட வேண்டும், போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் காவலரின் சொல்லுக்கும் கட்டுப்பட வேண்டும் என்கிறது. காவலர் போகச் சொல்கிறார், விளக்கு நில் என்கிறது. நின்றால் காவலருக்குக் கோபம், போனால் கேமராவுக்குக் கோபம். நாலு நாள் கழித்துச் சலான் வரும்போது அந்தக் காவலர் வேறு சந்திப்பில் வேறு முதுகுகளை விரட்டிக்கொண்டிருப்பார். அவர் கை காட்டியதைக் கேமரா பதிவு செய்ததா? செய்திருக்கும். கைக்கு நம்பர் பிளேட் இல்லை. அதனால் அதற்குச் சதுரம் போடவில்லை.

பின்னால் ஆம்புலன்ஸ் அலறினால் கணக்கு இன்னும் சுவாரசியம். 194இ பிரிவின்படி அவசர ஊர்திக்கு வழி விடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வழி விட வேண்டுமென்றால் முன்னால் நகர வேண்டும். முன்னால் நகர்ந்தால் சிவப்பைத் தாண்டியாயிற்று. ஆக, பின்னால் ஓர் உயிர் ஊசலாடிக்கொண்டிருக்கும் நேரத்தில், ஹெல்மெட்டுக்குள் வியர்க்க வியர்க்க ஒரு குடிமகன் எது மலிவு என்று மனக்கணக்குப் போட வேண்டும். கருணைக்கு விலைப்பட்டியல் போட்ட அரசு வேறெங்காவது இருக்கிறதா தெரியவில்லை.

மஞ்சளுக்கு வருவோம். மூன்று விளக்கில் மதிப்பில்லாதது அதுதான். நம் ஊரில் மஞ்சளுக்கு அர்த்தம் ‘வேகமாகப் போ’ என்று எல்லாரும் கிண்டல் செய்கிறோம். கிண்டலை ஓரமாக வைத்துவிட்டுக் கணக்குப் போடுவோம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர் நகர்கிறது. மஞ்சளைப் பார்த்து மூளைக்கு உறைத்துக் கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி. பிறகு பின்னால் வருகிறவன் நம்மீது ஏறாத அளவுக்குப் பக்குவமாக நிறுத்த இன்னும் முப்பது மீட்டருக்கு மேல். மொத்தம் 45 மீட்டர் வேண்டும். மஞ்சள் இரண்டே நொடி எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் 28 மீட்டர்தான் போக முடியும். அப்படியானால் கோட்டுக்கு 35 மீட்டர் தூரத்தில் மஞ்சளைப் பார்த்தவன் என்ன செய்வான்? நிறுத்தவும் முடியாது, கடக்கவும் முடியாது. எவ்வளவு யோக்கியனாக இருந்தாலும் அவன் குற்றவாளி. அவனைக் குற்றவாளி ஆக்கியது அவன் புத்தி அல்ல. சிக்னல் பெட்டிக்குள் யாரோ வைத்துவிட்டுப் போன ஒரு எண்.

இந்தக் கணக்கைக் கேள்வி கேட்ட ஒருவர் அமெரிக்காவில் பட்ட பாடு நமக்கு ஆறுதல் தரும். ஓரிகன் மாநிலத்தில் பீவர்ட்டன் என்ற ஊர். 2013இல் மாட்ஸ் யார்ல்ஸ்ட்ரோம் என்பவரின் மனைவிக்குச் சிவப்பு விளக்குக் கேமராவிலிருந்து அபராதச் சீட்டு வந்தது. மனிதர் சுவீடனில் மின்னணுப் பொறியியல் படித்தவர். உட்கார்ந்து கணக்குப் போட்டார். மஞ்சள் எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்பதற்கு பரவலாகப் பின்பற்றும் சூத்திரத்தை 1959இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர்கள் மூன்று பேர் வகுத்திருந்தார்கள். நேராகப் போகிறவனுக்கு அது சரி. திரும்புவதற்காக வேகத்தைக் குறைக்கிறவனுக்கு அந்த நேரம் போதாது என்று கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததை மாநிலப் பொறியாளர் வாரியத்துக்கு எழுதினார். வாரியம் என்ன செய்தது? கணக்கைச் சரிபார்த்ததா? இல்லை. உரிமம் இல்லாமல் பொறியியல் தொழில் செய்ததாக அவருக்கு 500 டாலர் அபராதம் போட்டது! கடிதத்தில் தன்னைப் பொறியாளர் என்று சொல்லிக்கொண்டாராம். மனைவிக்கு வந்த அபராதத்தைக் கேள்வி கேட்ட கணவனுக்குத் தனி அபராதம். மனிதர் விடவில்லை. வாரியத்தின் மீது வழக்குப் போட்டார். அவர் பக்கம்தான் நியாயம், அது அவருடைய பேச்சுரிமை என்று 2018 டிசம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் சொன்னது. 2020இல் போக்குவரத்துப் பொறியாளர்களின் சர்வதேசச் சங்கமே அவர் திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. ஒரு கூட்டல் கழித்தலுக்கு ஏழு வருடம்.

கணக்கு தப்பாக இருப்பது ஒரு வகை. தப்பாக இருப்பதே லாபம் என்று கண்டுகொள்வது இன்னொரு வகை. சிகாகோ நகரம் 2003இல் சிவப்பு விளக்குக் கேமரா வைக்க ஆரம்பித்தது, ரெட்ஃப்ளெக்ஸ் என்ற நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு. உயிரைக் காப்பாற்றத்தான். எந்த ஊரிலும் அப்படித்தானே சொல்வார்கள்? 2012இல் ‘சிகாகோ டிரிபியூன்’ பத்திரிகை தோண்ட ஆரம்பித்தது. கேமராத் திட்டத்தைக் கவனித்த நகராட்சி அதிகாரி ஜான் பில்ஸ் ரொக்கமும் உல்லாசப் பயணங்களும் அரிசோனாவில் ஒரு வீடும் லஞ்சமாக வாங்கியது வெளியே வந்தது. 2016இல் அவருக்குப் பத்து ஆண்டு சிறை. நிறுவனத்தின் தலைமை நிர்வாகியும் உள்ளே போனார். இதற்கு நடுவில், 2014இல், இன்னொரு திருவிளையாடல். மஞ்சள் மூன்று நொடிக்குக் குறைவாக எரிந்திருந்தால் அந்தச் சீட்டைத் தள்ளுபடி செய்வது வழக்கமாக இருந்தது. அதைச் சத்தமில்லாமல் 2.9 நொடி என்று மாற்றினார்கள். பத்தில் ஒரு நொடி. கண் சிமிட்டக்கூடப் போதாத அந்த நேரத்தில் 77,000 சீட்டுகள், ஏறத்தாழ 77 லட்சம் டாலர். நகரத்தின் தலைமைக் கண்காணிப்பாளரே கணக்கெடுத்துச் சொன்ன எண் இது.

நம் ஊரில் அப்படி நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. சொன்னால் அதற்கு வேறு பிரிவு இருக்கிறது. நான் கேட்பது எளிய கேள்வி. உங்கள் வீட்டுப் பக்கத்துச் சந்திப்பில் மஞ்சள் எத்தனை நொடி எரிகிறது? யார் முடிவு செய்தார்? எந்த வேகத்தை மனதில் வைத்து? கடைசியாக எப்போது அளந்து பார்த்தார்கள்? தராசில் கால் கிலோ குறைத்த காய்கறிக்காரரைப் பிடிக்க முத்திரை ஆய்வாளர் இருக்கிறார். நொடியைக் குறைத்தால் பிடிக்க யார் இருக்கிறார்?

சரி, பணம் கட்ட மாட்டேன், வழக்காடுவேன் என்று முடிவெடுத்துவிட்டீர்கள். வாழ்த்துகள். இப்போது எல்லாம் மெய்நிகர் நீதிமன்றம். வீட்டில் உட்கார்ந்தபடியே நீதி. எண்ணைத் தட்டினால் உங்கள் வழக்கு திரையில் வரும். கீழே இரண்டு வழி. ஒன்று, காட்டிய அபராதத்தைக் கட்டுவது. அதற்கு யு.பி.ஐ. உண்டு, கார்டு உண்டு, நெட் பேங்கிங் உண்டு, நடு ராத்திரியிலும் வேலை செய்யும். இன்னொன்று, வழக்காட விரும்புகிறேன் என்பது. அதைத் தொட்ட அடுத்த கணம் மெய்நிகர் மாயமாகிவிடும். வழக்கு நிஜ நீதிமன்றத்துக்குப் போகும். நிஜப் படிக்கட்டு, நிஜ வரிசை, மின்விசிறி சுற்றாத நிஜ வராந்தா. குற்றத்தை ஒத்துக்கொள்பவனுக்கு இருபத்தோராம் நூற்றாண்டு. மறுப்பவனுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டு. இந்தத் தொழில்நுட்பத்தை வடிவமைத்தவருக்குப் பரிசு கொடுக்க வேண்டும். மனித இயல்பை இவ்வளவு துல்லியமாகப் புரிந்துகொண்டவர் வேறு யாரும் இல்லை.

ஒரு நீதிமன்றத்தில், பெட்டி கேஸ்களைக் கூப்பிடும் நேரத்தில் பார்த்தது இது. சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் கம்பெனியின் டி-ஷர்ட் போட்ட ஒரு பையன். இருபது, இருபத்திரண்டு வயது இருக்கலாம். பெரிய பையை வெளியே வைத்துவிட்டு வரச் சொன்னதால், அது பத்திரமாக இருக்கிறதா என்று வாசலையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். பெயரைக் கூப்பிட்டார்கள். ஓடி வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

“குற்றத்தை ஒத்துக்கிறியா?”

“ஐயா, அங்க நின்ன போலீஸ்காரர்தான்யா போகச் சொன்னாரு. ரெட்டுதான்யா இருந்துச்சு, ஆனா அவருதான்…”

“அதைக் கேக்கல. ஒத்துக்கிறியா, இல்லையா?”

பையன் விழித்தான். பக்கத்தில் நின்ற ஏட்டு குனிந்து, “இல்லேன்னா வாய்தா போடுவாங்க தம்பி. அன்னிக்கு வரணும்” என்றார். அதட்டலாக அல்ல, அக்கறையாகத்தான் சொன்னார்.

“அன்னிக்கு முடிஞ்சிடுமாண்ணே?”

ஏட்டு சிரித்தார். பின்னால் வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். நீதிமன்றத்தில் எழுந்த சிரிப்புகளில் அவ்வளவு அனுபவம் தோய்ந்த சிரிப்பு வேறு இருக்காது. பையன் ஒரு முறை வாசலைப் பார்த்தான். ஒரு நாள் விடுப்பு என்றால் ஒரு நாள் சம்பளம் இல்லை. அவனுக்கு அது மனப்பாடம்.

“ஒத்துக்கிறேன்யா.”

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. குற்றம் நிரூபணமாகிவிட்டது. விளக்கு சிவப்பாக இருந்ததா, காவலர் கை காட்டினாரா, கேமராவுக்குச் சான்றிதழ் இருந்ததா, ஒன்றும் பேசவில்லை. பேச நேரமும் இல்லை. வெளியே நின்றவர்கள் இன்னும் பல பேர். அவர்களும் குற்றத்தை ஒத்துக்கொள்ளத்தான் வந்திருந்தார்கள். ஆண்டு முடிவில் இது எல்லாம் சேர்ந்து ‘போக்குவரத்து விதிமீறல் வழக்குகளில் இத்தனை பேருக்குத் தண்டனை’ என்று ஓர் எண்ணாக அறிக்கையில் ஏறும். அறிக்கையைப் படிப்பவர்கள், ஆகா, எவ்வளவு திறமையான நிர்வாகம் என்று வியப்பார்கள். நிரபராதி என்று நிரூபிக்க ஆகும் செலவை அபராதத்தைவிட உயர்த்தி வைத்துவிட்டால் போதும், நாட்டில் நிரபராதியே இருக்க மாட்டான்.

இனி சாலையின் இன்னொரு பக்கத்தைப் பார்ப்போம். காரின் தலையில் சிவப்பு விளக்கு வைத்துக்கொள்ளும் உரிமையை 2017 மே 1 முதல் ஒழித்தார்கள். சமத்துவம் பிறந்துவிட்டது என்று அன்றைக்குக் கொண்டாடினோம். விளக்கைத்தான் கழற்றினார்கள், காருக்குள் இருப்பவரை அல்ல. தலையில் இருந்த சிவப்பு போனதும், சந்திப்பில் இருக்கும் சிவப்பும் அவர் கண்ணிலிருந்து போய்விட்டது. முன் கண்ணாடியில் ‘அ’ என்று எழுதிய வண்டி, கட்சிக் கொடி கட்டிய வண்டி, பம்பரில் பெரிய எழுத்தில் பதவியைப் போட்டுக்கொண்ட வண்டி, இவை சிக்னலில் நிற்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். நான் பெட்ரோல் பங்கில் பார்த்திருக்கிறேன். 2024 ஏப்ரல் இறுதியில் சென்னைப் போக்குவரத்துக் காவல் துறை, வண்டிகளில் ஒட்டிய பத்திரிகை, போலீஸ், வழக்கறிஞர் ஸ்டிக்கர்களையெல்லாம் கிழிக்கச் சொன்னது. ஏன் ஒட்டியிருந்தார்கள்? அழகுக்கா? ஸ்டிக்கர் இருந்தால் ஒரு சட்டம், இல்லாவிட்டால் ஒரு சட்டம் என்பது ஊருக்கே தெரிந்திருந்தது. துறைக்கும் அது தெரிந்திருந்தது என்பதற்கு அந்த உத்தரவே சாட்சி.

2021 அக்டோபர் 1ஆம் தேதி, முதல்வர் கலந்துகொண்ட ஒரு நிகழ்ச்சிக்காக அடையாறுப் பக்கம் போக்குவரத்தை நிறுத்தினார்கள். நிறுத்தப்பட்ட வண்டிகளில் ஒன்று உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவருடையது. அரை மணி நேரம் போல அவர் சாலையில் மாட்டிக்கொண்டார். உள்துறைச் செயலர் காணொளியில் வந்து வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. அதே மாதம் முதல்வரின் கான்வாய் பன்னிரண்டு வண்டிகளிலிருந்து ஆறாகக் குறைந்தது. நல்ல முடிவுதான். குறைத்ததைப் பாராட்டவும் செய்யலாம். ஆனால் ஒரு கணக்கு மட்டும் நெஞ்சை அறுக்கிறது. ஒரு நீதிபதியின் அரை மணிக்கு ஆறு கார் விலை. அதற்கு முன் ஆண்டுக்கணக்கில் அதே வெயிலில் அதே கயிற்றுக்குப் பின்னால் நின்ற கர்ப்பிணிகள், பரீட்சைக்கு ஓடிய பிள்ளைகள், டயாலிசிஸுக்குப் போன கிழவர்கள், இவர்கள் எல்லாருடைய நேரத்தையும் சேர்த்துக் கூட்டினாலும் ஒரு பைலட் வண்டிகூடக் குறையவில்லையே?

இத்தனைக்கும் சட்டம் மேலிடத்தை மறக்கவில்லை. 210பி என்று ஒரு பிரிவு உண்டு. இந்தச் சட்டத்தை அமல்படுத்தும் அதிகாரம் உள்ளவரே இதை மீறினால் இரட்டிப்புத் தண்டனை. ஆம், இரட்டிப்பு. சிவப்பைத் தாண்டும் ஜீப்புக்கு நம்மைப்போல இரண்டு மடங்கு. 198ஏ என்று இன்னொன்று உண்டு. சாலையை வடிவமைத்தவர், போட்டவர், பராமரிப்பவர் தரத்தைக் காக்காததால் யாராவது செத்தால் அல்லது ஊனமானால், பொறுப்பான அதிகாரிக்கோ ஒப்பந்தக்காரருக்கோ அபராதம். எவ்வளவு? ஒரு லட்சம் ரூபாய் வரை. குறைந்தபட்சம் இவ்வளவு என்று இல்லை, அதிகபட்சமே அவ்வளவுதான். நாம் கோட்டைத் தாண்டினால் ஆயிரத்துக்குக் குறையக் கூடாது என்று தரைமட்டம் போட்ட சட்டம், அவர்கள் உயிரைத் தாண்டினால் லட்சத்துக்கு மேல் போகக் கூடாது என்று கூரை போட்டிருக்கிறது. அந்தக் கூரைக்குக் கீழேயாவது யாராவது ஒருவர் நின்றிருக்கிறாரா? உங்கள் தெருவில், உங்கள் ஊரில், குழி தோண்டி மூடாமல் போனதற்காகச் சலான் வாங்கிய ஒரு பொறியாளரை நீங்கள் பார்த்ததுண்டா? வெல்டிங் விட்டுப்போன சிக்னல் கம்பம் சாய்ந்து கிடக்கிறதே, அதன் மீது எந்தக் கேமரா சதுரம் போட்டது?

இந்த இடத்தில் கை தட்டத் தயாராகும் வாசகருக்கும் ஒரு வார்த்தை. காலை ஆறு மணிக்கு யாரும் இல்லை என்று சிவப்பில் போகிறவரும் நீங்கள்தான். பின் சீட்டில் பள்ளிக்கூடக் குழந்தையை வைத்துக்கொண்டு எதிர்த்திசையில் வந்து, “அங்கிள், கொஞ்சம் ஒதுங்குங்க” என்பவரும் நீங்கள்தான். பிடித்து நிறுத்தினால், “சார், பில்லு வேணாம், பார்த்துச் செய்யுங்க” என்று இருநூறு ரூபாயை உள்ளங்கையில் மடிப்பவரும் நீங்கள்தான். செய்த குற்றத்துக்கு இருநூறு கொடுத்துத் தப்பிக்கிறீர்கள். செய்யாத குற்றத்துக்கு ஆயிரம் கட்டித் தப்பிக்கிறீர்கள். இரண்டிலும் உங்களுக்கு வேண்டியது தப்பிப்பது. இது அரசுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் யாரும் சான்றிதழ் தேடுவதில்லை, யாரும் மஞ்சளை அளப்பதில்லை. சண்டை போட ஆளில்லாத ஊரில் ஆயுதம் எதற்கு?

ஆகவே பொதுநலன் கருதி ஒரு சலான் தயாரித்திருக்கிறேன். அச்சடித்துக்கொள்ளலாம்.

மீறியவர்: சாலைக்குச் சொந்தக்காரர் என்று சொல்லிக்கொள்பவர். இலாகா எது என்பதை அவர்களே பேசி முடிவு செய்துகொள்ளட்டும். இடம்: எல்லாச் சந்திப்புகளும். குற்றம் ஒன்று: கோடு அடிக்காமல் கோட்டைத் தாண்டியதாக வழக்குப் போட்டது. குற்றம் இரண்டு: ஒரே நேரத்தில் விளக்கால் நிறுத்தி, விசிலால் விரட்டியது. குற்றம் மூன்று: மஞ்சளின் நேரத்தை ராணுவ ரகசியமாக வைத்திருப்பது. குற்றம் நான்கு: ஒரு நாளைக்கு 49 பேர் சாகும் மாநிலத்தில், உயிரை எண்ணுவதைவிட வசூலை வேகமாக எண்ணுவது. பிரிவுகள்: 198ஏ, 210பி உடன் சேர்த்து. அபராதம்: இரட்டிப்பு. புகைப்படம் இணைக்கப்பட்டுள்ளது, 65பி சான்றிதழ் இணைக்கப்படவில்லை. அந்த வழக்கத்தை உங்களிடம்தான் கற்றுக்கொண்டோம்.

உங்களுக்கும் வசதிகள் இரண்டு. குற்றத்தை ஒத்துக்கொண்டு கட்டிவிடலாம், நடு ராத்திரியிலும் கட்டலாம். வழக்காட விருப்பமா? தாராளமாக வாருங்கள். பத்தரைக்கு முன்னால் வந்துவிடுங்கள். செல்போனை அணைத்துவிடுங்கள். பையை வெளியே வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். உங்கள் தரப்பைச் சொல்ல ஆரம்பிக்காதீர்கள், அதை யாரும் கேட்கப் போவதில்லை. ஒத்துக்கொள்கிறீர்களா, இல்லையா? இல்லையென்றால் வாய்தா.